காபி ஃபில்டரில் படிவது உப்பா, எண்ணெயா?

மாமாவும் அத்தையும் கோயம்புத்தூரிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலையில் வீடு சேர்ந்திருந்தார்கள். அவர்கள் பல் துலக்கி வருவதற்குள் காபி கொடுத்துவிட வேண்டும் என்று மெஷினில் டிகாஷன் இறக்கி, புதுப் பாக்கெட் பாலைக் காய்ச்சி, இரண்டையும் டம்ளரில் சேர்த்தேன். சேர்த்த மாத்திரத்தில் பால் திரிந்தது. பழுப்புத் தண்ணீரில் துகள் துகளாக மிதந்து, டம்ளர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துக் காய்ச்சினோம். அதுவும் திரிந்தது. பால் போடுபவரைக் கேட்டுவிடலாம் என்று மனைவி போனைக் கையில் எடுத்துவிட்டார். அம்மாதான் பாத்திரத்தில் மிச்சமிருந்த பாலை ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"பால் நல்லாத்தான் இருக்குது கண்ணு. உன்ற மெஷினைப் பாரு."

முந்தின நாள் மாலைதான் மெஷினுக்குள் படிந்திருந்த உப்பை எடுத்திருந்தேன். சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓடவிட்டு, அப்புறம் ஒரே ஒரு தடவை வெறும் தண்ணீர் ஓடவிட்டு, வேலை முடிந்தது என்று துடைத்து வைத்துவிட்டேன். உள்ளே தங்கிப்போன புளிப்புதான் பாலைத் திரித்திருக்கிறது. எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பதும் இதுவும் ஒன்றுதான். டிகாஷனுக்கே கொஞ்சம் புளிப்பு உண்டு. அதோடு இதுவும் சேர்ந்தால் சூடான பால் தாங்காது.

அன்றிலிருந்து உப்பு எடுத்த பிறகு குறைந்தது மூன்று தடவை தொட்டி நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி ஓடவிடுகிறேன். மூன்றாவது தடவை ஜாடியில் இறங்கும் சூடான தண்ணீரில் கால் டம்ளர் எடுத்து, அதே அளவு காய்ச்சிய பாலை அதில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பேன். பால் திரியாமல் இருந்தால் சரி. துகள் தெரிந்தால் நான்காவது தடவை. எந்தக் கையேட்டிலும் இதை நான் படித்ததில்லை. பால் சேர்த்துக் காபி குடிக்கும் வீட்டுக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

மெஷினில் உப்பு படிந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது சிறுவாணித் தண்ணீர் வந்த வீட்டில். அந்தத் தண்ணீரின் அருமை அதைக் குடிக்கும்போது தெரியாது. கெட்டிலின் அடியில் வெள்ளை படியாது, ஷவரின் கண் அடைக்காது, துணி சோப்பு நன்றாக நுரைக்கும். வேலை மாற்றலாகி 2017-இல் சென்னைக்கு, தென் சென்னைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். குடிக்க கேன் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். காபி மெஷினுக்கும் சமையலறைக் குழாயிலிருந்து போர் தண்ணீரைத்தான் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். எப்படியும் கொதித்துத்தானே இறங்குகிறது என்ற நினைப்பு. கொதிக்க வைத்தால் கிருமி போகும், உப்பு போகாது. போகாதது மட்டுமில்லை, கொதிக்கும்போதுதான் அது வெளியே வந்து படிகிறது.

மெஷின் சாதாரண டிரிப் வகை, ஆறு கப் இறக்கும். காலையில் அவசரத்துக்கு உதவும் என்று வாங்கியது. முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் சத்தம் மாறியது. முன்பு கடைசி வாய்த் தண்ணீர் ஏறும்போது மட்டும் கேட்ட களகள சத்தம் தொடக்கத்திலிருந்தே கேட்டது. ஏழு நிமிடத்தில் இறங்கிய டிகாஷன் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. மூடியின் இடுக்கில் ஆவி நிறைய வந்தது, டிகாஷன் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நாள் பாதியிலேயே நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாகத் திரும்ப ஓடியது. பழுது பார்க்கும் கடையில் ஹீட்டர் போய்விட்டது என்றார்கள். மாற்ற ஆகும் செலவுக்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று யோசனையும் சொன்னார்கள். மெஷினைத் திறந்து பார்க்காமலேயே சொன்னதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இந்த வகை மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இதில் பம்ப் கிடையாது. தொட்டித் தண்ணீர் தன் எடையில் ஒரு சின்ன வால்வு வழியாக அடிப்பாகத்துக்கு இறங்கும். அங்கே லாடம் போல வளைந்த ஓர் அலுமினியக் குழாய், அதை ஒட்டியே ஹீட்டர். ஜாடி உட்காரும் தட்டைச் சூடாக்குவதும் அதே ஹீட்டர்தான். குழாய்க்குள் தண்ணீர் கொதித்ததும் ஆவிக் குமிழி கிளம்பும். வால்வு பின்பக்கத்தை அடைத்துவிடுவதால் அந்தக் குமிழி முன்னால் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறும். காபித் தூள் மேல் தண்ணீர் விட்டுவிட்டு விழுவது இதனால்தான். மொத்த மெஷினும் விரல் தடிமன் உள்ள ஒரு குழாயை நம்பித்தான் இருக்கிறது.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாக மாறும். அதாவது சுண்ணாம்புக்கல். அது தண்ணீரில் கரையாது. சூடு எங்கே அதிகமோ அங்கே ஒட்டிக்கொள்ளும். குழாயின் உள் சுவரில் இந்தக் கல் பூசினாற்போல் ஏறிவிட்டால் ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. ஹீட்டர் தானே அளவுக்கு மீறிச் சூடாகும், அதைப் பார்த்துத் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும், ஆறியதும் திரும்பக் கொடுக்கும். பாதியில் நின்று திரும்ப ஓடியதற்குக் காரணம் இதுதான். அந்த நிலையில் விட்டுவிட்டால் ஒரு நாள் உள்ளிருக்கும் ஃபியூஸ் போய், மெஷின் மொத்தமாக அடங்கிவிடும்.

முதலில் வினிகரை முயன்றேன். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர். உப்பு ஓரளவு கரைந்தது. வாடைதான் போகவில்லை, நான்கு நாள் காபியில் ஊறுகாய் வாசனை வந்தது. அடுத்த தடவை சிட்ரிக் ஆசிட். லெமன் சால்ட் என்று கேட்டாலும் மளிகைக் கடையில் கிடைக்கும், விலையும் குறைவு, வாடையும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 25 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணல்கூட அடியில் தங்காதபடி கரைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெஷினைப் போட்டு, கரைசலில் மூன்றில் ஒரு பங்கு ஜாடியில் இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரம் சும்மா விடுங்கள். குழாய்க்குள் தங்கிய கரைசல் அந்த நேரத்தில் கல்லைத் தின்னும். காதை வைத்துக் கேட்டால் சோடா பாட்டில் திறந்தது போல நுண்ணிய சத்தம் வரும். சீக்கிரம் முடியட்டும் என்று விடாமல் கொதிக்க விட்டால் பலன் குறைவு. ஏனென்றால் சிட்ரிக் ஆசிட்டும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். கரைந்தது திரும்ப வெள்ளையாகப் படியும். அதே சமயம் ராத்திரி முழுக்க ஊறவும் விடக் கூடாது, உள்ளே இருப்பது அலுமினியம், புளிப்பு அதை அரிக்கும். அரை மணி கழித்து மிச்சத்தையும் இறக்கினேன். ஜாடியில் வந்தது கலங்கிய தண்ணீரும், முட்டை ஓட்டுச் சில்லு போன்ற துண்டுகளும். இரண்டாவது சுற்றில் சில்லு குறைந்தது. மறுநாள் காலை டிகாஷன் எட்டு நிமிடத்தில் இறங்கியது. ஹீட்டர் எங்கும் போகவில்லை, இன்று வரை அதே ஹீட்டர்தான்.

ஆனால் காபி இன்னும் சரியாகவில்லை. இறங்கும் வேகம் சரி, சூடும் சரி. குடித்து முடித்த பிறகு நாக்கின் பின்பக்கத்தில் ஒரு காறல். அம்மா அதைப் "பழைய எண்ணெய்ப் பலகாரம் தின்ன மாதிரி" என்றார். சொல்லில் தப்பே இல்லை, அது எண்ணெய்தான்.

வறுத்த காபிக் கொட்டையில் எண்ணெய் உண்டு. கொட்டையை நன்றாகக் கருக்க வறுத்தால் மேலே மினுமினுப்பது அதுதான், மணத்தில் பெரும் பங்கும் அதில்தான் இருக்கிறது. டிகாஷனோடு கொஞ்சம் இறங்கி, பாத்திரத்தில் ஒரு படலமாக ஒட்டும். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. அடுத்த நாள் படலம் அதன் மேல். காற்றுப் பட்டு ஒரு வாரத்தில் காறிப்போகும். நம் தூளில் சிக்கரியும் இருப்பதால் அதன் பிசுபிசுப்பு வேறு சேர்ந்து பழுப்பு அரக்கு போல இறுகும். ஜாடியின் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஜாடியின் கழுத்துக்கு உள்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினேன். துணி பழுப்பாக வந்தது. தூள் போடும் கூடையின் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் மூடி இருக்கும். ஜாடியை எடுத்தால் சொட்டு நிற்பது அதனால்தான். அதைக் கழற்றிப் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. உள்ளே விரலால் சுரண்டி எடுக்கும் அளவுக்குக் கருப்புக் களி. மோந்து பார்த்தேன், அந்தக் காறல் வாடை அங்கேதான் இருந்தது.

எனக்கு எல்லாம் தெளிவானது அன்றைக்குத்தான். காபிப் பாத்திரத்தில் இரண்டு வகை அழுக்கு படிகிறது. வெள்ளையாக, கரகரப்பாக இருப்பது உப்பு. பழுப்பாக, வழவழப்பாகவோ அரக்காகவோ இருப்பது எண்ணெய். உப்புக்குப் புளிப்பு வேண்டும். எண்ணெய்க்கு சோப்போ சமையல் சோடாவோ வேண்டும். சிட்ரிக் ஆசிட் எத்தனை தடவை ஓடவிட்டாலும் எண்ணெய் அசையாது. சோடாவில் எத்தனை நேரம் வேகவைத்தாலும் கல் கரையாது. எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொரிந்தால் உப்பு. ஒன்றும் ஆகாவிட்டால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நுரை பொங்கி அடங்கியதும் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன, மிஞ்சுவது உப்பு கரைந்த தண்ணீர் மட்டும். புளிப்புக்கும் வேலை இல்லை, சோடாவுக்கும் வேலை இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ஒன்று, நன்றாக அலசி, அப்புறம் மற்றது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: வினிகர், சிட்ரிக் ஆசிட் எதையும் பிளீச்சிங் பவுடரோடோ பிளீச் கலந்த பாத்ரூம் திரவத்தோடோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது ஆபத்து.

எண்ணெய்க்கு நான் செய்வது: கூடை, ஸ்பிரிங் மூடி, ஜாடி மூன்றையும் தினமும் பாத்திரம் கழுவும் திரவத்தில் மெதுவான ஸ்பாஞ்சால் கழுவுவது. வாரம் ஒரு தடவை, அரை லிட்டர் சூடான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு அரை மணி ஊற வைப்பது. ஜாடி நன்றாக ஆறிய பிறகுதான் தண்ணீர் படலாம். தட்டிலிருந்து எடுத்த சூட்டோடு குழாயடியில் காட்டினால் கண்ணாடி விட்டுவிடும். மெஷினின் தொட்டிக்கு மட்டும் சோடாவோ சோப்போ போடுவதில்லை. காபி அந்த வழியே போவதில்லை, அங்கே எண்ணெய்க்கு இடமில்லை. அங்கே வருவது வேறு: ஈரத்தோடு மூடி வைத்தால் ஓரங்களில் ஒரு வழவழப்பு, சில நாளில் பூஞ்சை வாடை. காபி இறக்கி முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு மூடியைத் திறந்தே வைத்தால் போதும், அந்தத் தொல்லை வராது.

தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெஷினோடு வரும் காகித ஃபில்டரில் நம் ஊர் ஃபில்டர் காபித் தூளைப் போட்டு, தண்ணீர் தேங்கிக் கூடை வழிந்து மேடையெல்லாம் சக்கையானது எங்கள் வீட்டில் இரண்டு தடவை நடந்தது. பழுதுதான் என்று நினைத்தேன். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து வைத்து வடிகட்டியதில் தொடங்கியது இந்தக் காகித ஃபில்டர். அது சிக்கரி இல்லாத, கொஞ்சம் கரகரப்பான தூளுக்கானது. நம் தூள் நைசானது, சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பும், காகிதத்தின் கண்ணை அடைக்கும். மெஷினுக்கென்று தனியாகச் சிக்கரி இல்லாமல், ரவைப் பதத்துக்குச் சற்றுக் கீழே அரைத்துத் தரச் சொல்லி வாங்குகிறேன். கள்ளிச்சொட்டாக, கெட்டி டிகாஷனாக வேண்டும் என்றால் அதற்கு நம் ஃபில்டர்தான், மெஷின் அதற்குச் சரிப்படாது.

தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 520 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது 200. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது. சட்டப்படி குடிக்கலாம், மெஷினுக்குத்தான் ஆகாது. ருசிக்கும் ஆகாது: பைகார்பனேட் அதிகமாக இருந்தால் அது காபியின் இனிய புளிப்பைக் கொன்று சப்பென்று ஆக்கிவிடும். சரி என்று ஆர்ஓ வைத்து, கரைந்த உப்பை அளக்கும் மீட்டரில் 30 காட்டும் தண்ணீரில் போட்டேன். கல் படியவில்லை, ஆனால் காபியில் திடமே இல்லை. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் காபிக்கு ஏற்ற தண்ணீர் என்று சொல்வது கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை, 150 ஒட்டி இருந்தால் நல்லது என்று. ஆர்ஓ போட வந்தவரிடம் சொல்லி, அதில் இருக்கும் திருகைத் திருப்பி 120-க்கு வைத்துக்கொண்டோம். இப்போது மெஷினுக்கு உப்பு எடுப்பது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். போர் தண்ணீர் ஊற்றிய காலத்தில் மாதம் ஒன்று தேவைப்பட்டிருக்கும்.

இனி ஃபில்டர். மெஷினைப் பற்றி இவ்வளவு எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமையும் விருந்தாளி வரும் நாளும் எங்கள் வீட்டில் ஃபில்டர் காபிதான். எவர்சில்வர் ஒன்று, பித்தளை ஒன்று.

எவர்சில்வர் ஃபில்டரில் டிகாஷன் இறங்கவில்லை என்றால் உடனே கண் அடைத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தி, உள்ளே சூடான காற்று அடைபட்டிருக்கும். மேல் பாத்திரத்தை ஒரு நூலளவு தூக்கி வைத்தால் போதும், சொட்டச் சொட்ட இறங்க ஆரம்பிக்கும். அதற்கும் அசையாவிட்டால் தூளின் மேல் வைக்கும் குடையை ரொம்ப அழுத்தியிருப்பீர்கள், அல்லது தூள் மிகவும் நைசு. அதுவும் இல்லை என்றால்தான் கண்.

கழுவும்போது சக்கை ஆறியதும் தட்டிக் கொட்டிவிட்டு, மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துக் குழாயடியில் பிடிக்க வேண்டும். தண்ணீர் கண்ணுக்கு வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே பாய்ந்தால் சிக்கிய துகள் வந்த வழியே திரும்பும். உள்பக்கமிருந்து அடித்தால் இன்னும் இறுகும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வெளிப்பக்கம் வட்டமாகத் தேய்த்து, ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அடைப்பது பெரும்பாலும் ஓரத்து வரிசைதான்; அடித்தட்டு சுவரோடு சேரும் மூலையில் பிரஷ் சரியாகப் போகாது. ஊசி வேண்டாம். ஊசி போட்டால் கண் பெரிதாகி டிகாஷனோடு மண்டியும் இறங்கும்.

நாள்பட்ட அடைப்புக்கு அம்மா செய்வது, எவர்சில்வர் மேல் பாத்திரத்தை நன்றாக உலர்த்தி, சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் காட்டுவது. உள்ளே இறுகிய எண்ணெயும் சக்கையும் புகைந்து கருகும். தானாக ஆறவிட்டுத் தட்டினால் கரியாக உதிரும். சூட்டோடு தண்ணீர் விடக் கூடாது, மெல்லிய அடித்தட்டு வளைந்துவிடும். வழிவழியாக வந்த முறை, நன்றாகவே வேலை செய்கிறது. பாத்திரத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு நிறம் ஏறும், அது கெடுதல் இல்லை.

இந்த முறையைத்தான் நான் பித்தளை ஃபில்டருக்கும் செய்தேன்.

அது பாட்டியுடையது, கும்பகோணத்தில் வாங்கியது. கையில் எடுத்தால் கனம் தெரியும். சென்னை வந்த இரண்டாம் வருடம் அதன் கண் பாதிக்கு மேல் அடைத்துப்போனது. அம்மா ஊருக்குப் போயிருந்த நேரம், சுத்தம் செய்து வைத்து அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று மேல் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். புகை வந்தது. நல்லது என்று நின்றேன். அப்புறம் உள்சுவரில் வெள்ளியாக ஏதோ நகர்ந்தது. கண்ணாடிமேல் மழைத்துளி இறங்குவது போல ஒரு கோடு இறங்கி, அடித்தட்டில் கடுகு அளவு முத்தாக நின்றது. இன்னொன்று. அடுப்பை அணைத்தபோது உள்பக்கம் மேல்பாதியில் பித்தளையின் மஞ்சள் தெரிந்தது. பாட்டி காலத்திலிருந்து இருந்த ஈயப் பூச்சு.

பூசுவது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் நூறைத் தாண்டாது, பூச்சுக்கு ஆபத்தில்லை. வெறும் பாத்திரத்தைக் கேஸ் தீயில் வைத்தால் சில நிமிடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். பூச்சு போன பித்தளையில் டிகாஷனை ராத்திரி வைத்திருந்தால் அதன் புளிப்பில் செம்பு கரைந்து இறங்கும், பச்சைக் களிம்பும் ஏறும். அதில் காபி போடவே கூடாது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. "எடுத்துட்டு வா கண்ணு, பூசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

முன்பெல்லாம் ஈயம் பூசுகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள். இப்போது தேட வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் டவுன்ஹால் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் விசாரித்து ஒரு பெரியவரைப் பிடித்தோம். ஃபில்டரை வாங்கி உள்ளே ஒரு தடவை பார்த்தார். "ஏனுங்க, வெறும் பாத்திரத்தை அடுப்புல வெச்சுட்டீங்களாக்கும்?" என்றார். முதலில் பழைய பூச்சையும் அழுக்கையும் மணல் போட்டுத் தேய்த்து எடுத்தார். கரி அடுப்பில் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவினார். வெள்ளைப் புகை எழுந்து கண்ணை எரித்தது. ஈயக் குச்சியை உள்ளே ஓர் இடத்தில் தொட்டார், அது உருகியதும் பஞ்சுத் துணியால் ஒரே இழுப்பில் சுற்றிலும் பரப்பினார். மஞ்சள் இருந்த இடமெல்லாம் நிலா நிறமானது. அடித்தட்டில் பரப்பியபோது கண் எல்லாம் மூடிக்கொண்டன, எனக்குத் திக்கென்றது. அவர் பதறவில்லை. சூடு ஆறுவதற்குள் இடுக்கியோடு பாத்திரத்தைக் கவிழ்த்துக் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். கண்களை மூடிய ஈயம் பொடிப்பொடியாகக் கீழே சிந்தியது. மிச்சம் நின்ற நாலைந்தை மெல்லிய கம்பியால் எடுத்தார்.

நீங்கள் பூசக் கொடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வெள்ளீயம்தானா என்று. காரீயம் கலந்த பற்றுக் கம்பியை வைத்துப் பூசினால் மலிவாக முடியும், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது விஷம். தினமும் புளிப்பான சூட்டு நீர் நிற்கிற பாத்திரத்தில் அந்த வேலையே கூடாது. எனக்குக் குச்சியையே எடுத்துக் காட்டித்தான் அந்தப் பெரியவர் வேலையைத் தொடங்கினார்.

இப்போது பித்தளை ஃபில்டருக்கு அடுப்பும் இல்லை, கம்பி நாரும் இல்லை, பாத்திரப் பொடியும் இல்லை. வெளிப்பக்கம் புளி போட்டுத் துலக்குகிறோம், உள்பக்கம் புளி படாமல் பார்த்துக்கொள்கிறோம். உள்ளுக்குச் சூடான தண்ணீர், இரண்டு சொட்டுச் சோப்பு, துணி. போட்ட அன்றே கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, கவிழ்க்காமல் நிமிர்த்திக் காய வைக்கிறோம். கவிழ்த்தால் விளிம்பில் தண்ணீர் தங்கி அங்கேதான் முதலில் களிம்பு பிடிக்கிறது. டிகாஷன் இறங்கியதும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுகிறோம், ராத்திரி அதில் தங்குவதில்லை.

ஞாயிறு காலை அதைக் கையில் எடுக்கும் முன் அம்மா பால்கனிக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும், இதற்கு வேண்டாம். போன வாரமும் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஓரத்துல மூணு அடைச்சிருக்குது கண்ணு, அந்தப் பிரஷ்ஷை எடுத்துட்டு வா."